கடிகாரத்தோடு ஆடிய ஆட்டம்

சென்னையில் நான் டென்னிஸ் ஆடும் கிளப்பில் லீக் ஆட்டத்துக்குக் காலை 6 மணியிலிருந்து 7:15 வரை கோர்ட் கொடுப்பார்கள். அதற்குள் வார்ம்-அப், ஆட்டம் எல்லாம் முடிய வேண்டும். 7:15-க்கு வாட்ச்மேன் மணி அடிப்பார். அடுத்த நான்கு பேர் அதற்கு முன்பே வேலிக்கு வெளியே ராக்கெட்டோடு நிற்பார்கள். பெஸ்ட் ஆஃப் செவன்டீன், அதாவது முதலில் 9 கேம் எடுப்பவருக்கு வெற்றி. மணி அடிக்கும்போது ஆட்டம் முடியவில்லை என்றால் யார் முன்னிலையில் இருக்கிறாரோ அவருக்கே ஆட்டம். பல வருடங்களாக இதுதான் விதி.

அந்த மார்ச் மாதக் காலையில் நான் 5-2 என்று முன்னால் இருந்தேன். மணி 6:32. எதிரே ஆடியவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நிதானமான ஃபோர்ஹேண்ட், அருமையான ஸ்லைஸ், ஓட்டம் மட்டும் குறைவு. முதல் ஏழு கேமும் சாதாரண வேகத்தில்தான் போயின. எட்டாவது கேமிலிருந்து எல்லாம் மாறியது.

சர்வ் போட லைனுக்கு வந்தார், பந்தைத் தட்டினார், நிறுத்தினார். டவலுக்கு நடந்தார். திரும்பி வந்து ராக்கெட் நரம்புகளை ஒவ்வொன்றாக விரலால் நேராக்கினார். கோர்ட்டின் மூலையில் கிடந்த மூன்றாவது பந்தை எடுக்க நடந்தே போனார், அதைக் காலாலும் ராக்கெட்டாலும் உருட்டி எடுத்துக்கொண்டு நடந்தே வந்தார். நான் சர்வ் போட்டபோது வேறு மாதிரி. பந்தைத் தூக்கிப் போடப் போகும் நொடியில் இடது கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம் தம்பி" என்பார். முதல் சர்வ் நெட்டில் பட்டு ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கிடக்கும். அதை எடுத்து வேலியோரம் போட்டுவிட்டு வருவார். அதற்குள் என் தோள் ஆறிவிடும்.

அடுத்த ஆறு கேமில் ஐந்தை அவர் எடுத்தார். 7-6 என்று அவர் முன்னிலைக்கு வந்தபோது மணி 7:04. பக்கம் மாறும் நேரம். பெஞ்சில் உட்கார்ந்து பழைய கிரிப்பைப் பிரித்து, புது கிரிப்பை எடுத்து, அதன் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்து, அடியிலிருந்து மெதுவாகச் சுற்றத் தொடங்கினார். பாதிச் சுற்றில் சரியில்லை என்று பிரித்து மறுபடியும் சுற்றினார். ஏறத்தாழ நாலு நிமிடம். நான் பேஸ்லைனில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த ஏழு நிமிடத்தில் அந்த ஒரு கேமைக்கூட முடிக்க முடியவில்லை. மூன்றாவது டியூஸில், அதாவது மூன்றாவது முறை 40-40 என்று சமமானபோது, மணி அடித்தது.

நெட் அருகே கை கொடுக்கும்போது நான் கத்திவிட்டேன். "வேணும்னே இழுத்தடிச்சீங்க சார், இது டென்னிஸே இல்ல." வெளியே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டவலை மடித்துக்கொண்டே, "ரூல்ல எங்க தம்பி தப்பு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தினமும் முகம் பார்க்கும் இடத்தில் அது பெரிய கஷ்டம்.

அன்றைக்கு என் பையன் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு. ஆட்டம் மந்தமானதும் அலுத்துப்போய் போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டு, கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் இடையே எத்தனை விநாடி என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை நீட்டினான். இடது வரிசையில் அவர் சர்வ் போட்ட கேம்கள், வலது வரிசையில் என்னுடையவை. அவர் வரிசையில் 38, 41, 36, 45. இதை எதிர்பார்த்தேன். என் வரிசைதான் என்னை உலுக்கியது. 14, 11, 9, 12. கோபத்தில், அவர் விட்ட நேரத்தையெல்லாம் நான் மீட்டுவிட வேண்டும் என்பதுபோல், பந்து கைக்கு வந்ததும் சர்வ் போட்டிருக்கிறேன். கடைசியாக நான் சர்வ் போட்ட மூன்று கேமில் நான்கு டபுள் ஃபால்ட், அதாவது நான்கு முறை இரண்டு சர்வும் தவறிப் பாயின்ட்டை இழந்திருக்கிறேன். அவர் என் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டிவிட்டார். ஆட்டம் அங்கேதான் போனது. இந்த ஒரு விஷயம் எனக்கு உறைக்க அந்த நோட்டுப் பக்கம் தேவைப்பட்டது.

இழுத்தடிப்பவரோடு ஆடும்போது நாம் செய்யும் முதல் தப்பு, ரிட்டர்ன் இடத்தில், அதாவது சர்வைத் திருப்பி அடிக்கும் இடத்தில், போய்க் குனிந்து நின்று காத்திருப்பது. காத்திருக்கக் காத்திருக்கக் கால் கனக்கும், மனசு அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது பாயின்ட் முடிந்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு பின்வேலி வரை நடக்கிறேன். டவல் அங்கேயே தொங்கும். முகம் துடைத்து, இரண்டு முறை மூச்சை இழுத்து விட்டு, அடுத்த பந்தை எங்கே அடிப்பது என்று ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டு, பேஸ்லைனுக்கு இரண்டடி பின்னால் கால் மாற்றி மாற்றிக் குதித்தபடி நிற்பேன். அவர் பந்தைத் தட்டத் தொடங்கிய பிறகுதான் என் இடத்துக்கு வருவேன். அவர் 40 விநாடி எடுத்தாலும் அதில் 30 விநாடி எனக்கு வேலை இருக்கிறது. நான் சர்வ் போடும்போது, எத்தனை எரிச்சல் இருந்தாலும் நான்கு முறை பந்தைத் தட்டாமல் கையைத் தூக்குவதில்லை.

விதி என்ன சொல்கிறது என்பதையும் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி ஒரு பாயின்ட் முடிந்த நொடியிலிருந்து அடுத்த சர்வ் அடிக்கப்படும் வரை அதிகபட்சம் 25 விநாடி. பக்கம் மாறும்போது 90 விநாடி, செட் முடிந்தால் 120. ஒவ்வொரு செட்டிலும் முதல் கேமுக்குப் பிறகும், டை-பிரேக் (கேம்கள் சமமானால் செட்டை முடிக்க ஆடும் கூடுதல் கேம்) நடுவிலும் பக்கம் மாற வேண்டும், ஆனால் உட்காரக் கூடாது. முதல் சர்வுக்கும் இரண்டாவதுக்கும் இடையே தாமதமே கூடாது. ரிட்டர்ன் எடுப்பவர் தயாராகாமல் சர்வ் போடக் கூடாது என்பது உண்மை. ஆனால் சர்வ் போடுபவரின் நியாயமான வேகத்துக்கு அவர் ஒத்துப்போக வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. கையை உயர்த்துவது ரிட்டர்ன் எடுப்பவரின் தனி உரிமை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்பயர் இல்லாத ஆட்டங்களுக்காக அமெரிக்க டென்னிஸ் சங்கம் 'தி கோட்' என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. இழுத்தடிப்பது என்றால் என்னவென்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமான வேகத்தில் மூன்றில் ஒரு பங்காக ஆடுவது, எடுக்கத் தேவையில்லாத முதல் சர்வ் பந்தை எடுக்கப் போவது, அளவுக்கு மீறிப் பந்தைத் தட்டுவது, ஓய்வு எடுப்பதற்காகவே வாக்குவாதத்தைக் கிளப்புவது. கடைசியில் சொன்னதைப் படித்ததும் நெட் அருகே நான் கத்தியது நினைவுக்கு வந்தது. ஆட்டத்தின் நடுவே கத்தியிருந்தால் அவருக்கு இன்னும் ஐந்து நிமிடத்தை நானே கொடுத்திருப்பேன்.

சர்வ் போடுபவருக்குப் பந்து பொறுக்கவே நேரம் போகிறதே, 25 விநாடியை எப்படி எண்ணுவது என்று கேட்கலாம். டிவியில் பார்ப்பவர்களுக்குப் பந்து எடுத்துத் தர ஆறு பேர் நிற்கிறார்கள். நமக்கு மூன்று பந்து, இரண்டு பேர். ஓடிப்போன பந்தைத் தேடி எடுக்கும் நேரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று அமெரிக்கச் சங்கமே விலக்கு தருகிறது. அதனால் எங்கள் கிளப்பில் விநாடியை எண்ணுவதற்குப் பதிலாகப் பந்து பழக்கத்தை மாற்றினோம். உங்கள் பக்கத்தில் கிடக்கும் பந்து உங்கள் பொறுப்பு. சர்வ் போடுபவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரே பவுன்ஸில் அவர் கைக்கு வரும்படி அனுப்ப வேண்டும். சும்மா அந்தப் பக்கம் அடித்துவிட்டால் அது பின்வேலிக்குப் போய்விடும், அவர் மறுபடி நடக்க வேண்டும். இந்த ஒன்றிலேயே நிறைய நேரம் மிச்சமானது.

ஸ்கோர் தகராறும் இப்படித்தான். 30-15-ஆ, 15-30-ஆ என்று தொடங்கினால் இரண்டு நிமிடம் போய்விடும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கு முன்பும் சர்வ் போடுபவர் எதிராளிக்குக் கேட்கும்படி ஸ்கோரைச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன்.

சரி, மெதுவாக ஆடுகிற எல்லாரும் இழுத்தடிப்பவர்களா? இல்லவே இல்லை. 2008 ஜனவரியில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் சென்னை ஓப்பன் அரையிறுதி, நடாலும் கார்லோஸ் மோயாவும் ஆடியதை கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று செட், மூன்றுமே டை-பிரேக், 3 மணி 54 நிமிடம். மறுநாள் இறுதிப் போட்டியில் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று நடால் விழும் அளவுக்கு அந்த ஆட்டம் அவரைப் பிழிந்துவிட்டது. நடால் மெதுவாக ஆடியவர், அதற்காக நடுவர்களிடம் பலமுறை எச்சரிக்கை வாங்கியவர். ஆனால் அன்று நான் பார்த்தவரை, முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் அதே டவல், அதே தட்டல், நாற்காலிக்கு முன்னால் அதே வரிசையில் இரண்டு பாட்டில். அது அவர் சுபாவம். வேகம் ஸ்கோரைப் பார்த்து மாறினால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அதனால் முதல் மூன்று நான்கு கேமில் எதிராளியின் வழக்கமான வேகம் என்னவென்று கவனித்துவைப்பேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரையும் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்று, நம் ஊர் வெயில். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறரைக்கே கை வழுக்கும். மணிக்கட்டிலிருந்து வியர்வை கிரிப்புக்குள் இறங்கி, ராக்கெட் பறந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். அந்த நேரத்தில் டவலுக்குப் போவதை நான் எண்ணுவதே கிடையாது. யாராவது தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் ஆட்டம் அங்கேயே நிற்க வேண்டும். தசைப்பிடிப்புக்கும் களைப்புக்கும் விதி தனி நேரம் தராது, சிகிச்சை தரக்கூடிய உடல்நலக் கோளாறுக்கு 3 நிமிடம் உண்டு. ஆனால் பிசியோவும் டாக்டரும் இல்லாத கோர்ட்டில் ஐம்பது தாண்டியவர்கள் ஆடும்போது இந்தக் கணக்கையே எடுக்கக் கூடாது. நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தேவையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆட்டத்தை இன்னொரு நாள் ஆடிக்கொள்ளலாம்.

எப்படிக் கேட்பது என்பதைத்தான் நான் கற்றுக்கொள்ள நாளானது. நம்மைவிட மூத்தவரிடம், தினமும் பார்க்கிறவரிடம், "லேட் பண்றீங்க" என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் மென்று விழுங்கி, கடைசியில் வெடித்துவிடுகிறோம். டாஸ் போடும்போதே சிரித்த முகமாகச் சொல்லிவிடுவது நல்லது. "சார், 75 நிமிஷம்தான் இருக்கு. பாயின்ட்டுக்கு நடுவுல 25 செகண்ட், சைடு மாறும்போது ஒன்றரை நிமிஷம், பாத்துக்கலாமா?" இதுவரை ஒருவரும் முடியாது என்று சொன்னதில்லை. ஆட்டத்தின் நடுவே வேகம் குறைந்தால், பாயின்ட்டுகளுக்கு இடையே நெட்டைத் தாண்டிக் கத்தாமல், பக்கம் மாறும்போது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாம் ஓகேவா சார்? கால்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்பேன். இது நடிப்பு இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான். ஒருமுறை ஒருவர், "பாதத்துல கொப்புளம் உடைஞ்சிருச்சுப்பா" என்று ஷூவைக் கழற்றிக் காட்டினார். நான் பிளாஸ்திரி எடுத்துக் கொடுத்தேன், மிச்ச ஆட்டம் முழுக்க என் மனசு அமைதியாக இருந்தது. பிரச்சனை ஒன்றும் இல்லாதவர்களுக்கு நாம் கவனித்துவிட்டோம் என்பது புரியும், அநேகமாக அடுத்த கேமில் வேகம் வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் மார்க்கரையோ (கிளப்பில் உறுப்பினர்களோடு ஆடிப் பயிற்சி தருபவர்) லீக் பொறுப்பாளரையோ கோர்ட் ஓரத்தில் வந்து நிற்கச் சொல்லலாம். அவர் வாயே திறக்க வேண்டியதில்லை.

இரட்டையரில் சிலர் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பார்ட்னரோடு கூடிப் பேசுவார்கள். 25 விநாடிக்குள் பேசினால் அது அவர்கள் உரிமை, விட்டுவிடலாம்.

"ரூல்ல எங்க தம்பி தப்பு?" என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. 2021 யுஎஸ் ஓப்பன் முதல் சுற்றில் சிட்சிபாஸ் நீண்ட டாய்லெட் பிரேக் எடுத்தபோது ஆண்டி மர்ரே கொதித்துப்போனார், அவர் மேல் இருந்த மரியாதையே போய்விட்டது என்றார். சிட்சிபாஸ் தரப்பில் சொன்னது இதேதான்: விதியை மீறவில்லை. அன்றைய விதியில் உண்மையிலேயே நேரக் கணக்கு இல்லை. அடுத்த வருடமே ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி, செட் முடிவில் மட்டும், கழிவறைக்குள் நுழைந்ததிலிருந்து 3 நிமிடம், உடை மாற்ற இன்னும் 2 நிமிடம் என்று வரையறுத்தது. அதேபோல் 25 விநாடியை எண்ணிக் காட்டும் கடிகாரம் 2018-ல் யுஎஸ் ஓப்பனின் முதன்மைச் சுற்றுகளுக்கு வந்தது. அதற்கு ரொம்ப முன்னால், ஜிம்மி வான் ஆலன் என்ற அமெரிக்கர் முடிவே இல்லாமல் நீளும் செட்டுகளைப் பார்த்துவிட்டு டை-பிரேக்கைக் கண்டுபிடித்தார். 1969 விம்பிள்டனில் கோன்சலேஸும் பசரேலும் 112 கேம் ஆடினார்கள். 1970-ல் யுஎஸ் ஓப்பன் டை-பிரேக்கை ஏற்றுக்கொண்டது. ஆட்டக்காரர்களைத் திட்டித் திருத்தியதாக டென்னிஸ் வரலாற்றில் நான் படித்ததில்லை. விதியைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

எங்கள் லீக் கூட்டத்தில் நான் இதைப் பேசினேன். மணி அடிக்கும்போது முன்னிலையில் இருப்பவருக்கு வெற்றி என்று சொன்னால், முன்னிலையில் இருப்பவருக்கு நேரத்தைக் கடத்துவதில்தான் லாபம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த, அன்று என்னோடு ஆடிய அவரே எழுந்து, "மணியை வெச்சு ஆடச் சொன்னா மணியைத்தான் ஆடுவாங்க" என்றார். அன்றுதான் மறுபடி அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். பொது இடத்தில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கிரிப் மாற்றியது தேவையில்லாத வேலைதான் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

முதலில் கொண்டுவந்த மாற்றம் சரிப்படவில்லை. 7:05-க்கு முடியாவிட்டால் 10 பாயின்ட் டை-பிரேக் என்று வைத்தோம். அப்புறம் பார்த்தால், 3-7 என்று பின்தங்கியவர் 7:05 வரை ஓட்டிவிட்டால் போதும் என்று ஆடத் தொடங்கினார். யாருக்காவது நேரத்தில் லாபம் இருக்கும்வரை யாராவது அதை எடுக்கத்தான் செய்வார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு வேறு மாதிரி மாற்றினோம். முதலில் 6 கேம், 5-5 என்றால் டை-பிரேக், டியூஸில் அட்வான்டேஜ் கிடையாது, ஒரே பாயின்ட், சர்வ் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று ரிட்டர்ன் எடுப்பவர் சொல்வார். 75 நிமிடத்துக்கு இது தாராளம். அப்படியும் முடியாவிட்டால் விட்ட ஸ்கோரிலிருந்து இன்னொரு நாள் தொடர வேண்டும், இரண்டு பேரும் வர வேண்டும். இரண்டு கேமுக்காக மறுபடி ஐந்து மணிக்கு எழுந்து வர யாருக்கும் மனசு வராது. பெஸ்ட் ஆஃப் செவன்டீன் போய்விட்டதே என்று பழைய ஆட்கள் சிலருக்கு வருத்தம். அது எனக்குப் புரிகிறது, நீண்ட ஆட்டத்தில் ஒரு தனி ருசி உண்டு. அதற்கு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் தனியாக கோர்ட் கேட்டுவைத்திருக்கிறோம்.

இந்த வருட லீக்கில் மறுபடி அவரோடுதான் முதல் ஆட்டம். நான் 4-3. அவர் டவலுக்குப் போனார். நானும் என் வேலிக்கு நடந்தேன், துடைத்தேன், திரும்பினேன். நான் இடத்துக்கு வருவதற்குள் அவர் லைனில் நின்று, "த்ரீ-ஃபோர்" என்று கோர்ட் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் பந்தைத் தட்டத் தொடங்கிவிட்டார். அந்த ஸ்லைஸ் அன்றைக்கு இன்னும் தாழ்வாக வந்தது. 6-4 என்று அவர் ஜெயித்தார்.

கை கொடுத்துவிட்டுப் பெஞ்சுக்கு வந்தபோது மணி 6:56. வெளியே இன்னும் யாரும் வரவில்லை. பந்துகளை டப்பாவில் போடப் போனேன்.

"இரு தம்பி, டைம் இருக்கு. ஒரு டை-பிரேக் ஆடலாம்" என்றார்.